மைமல் நேரத்தில் அம்மம்மா எந்த வீட்டுக்குப் போகக் கேட்கிறா? யாழ்ப்பாண வீடுகளின் வெளிச்சம் பற்றி ஒரு சின்ன வரலாறு

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு இப்ப 83 வயது. பகலில் அவவால் பெரிய கரைச்சல் இல்லை. காலமை தேத்தண்ணி குடிப்பா, சாப்பிடுவா, உள்ளறைக் கட்டிலில் சாய்ஞ்சு கிடப்பா. பின்னேரம் ஐந்தரை தாண்டத்தான் தொடங்கும். முதலில் சீலைத் தலைப்பைத் திருப்பித் திருப்பி முறுக்குவா. பிறகு எழும்பி யன்னலடிக்குப் போவா, வருவா. ஆறு மணிக்கு வாசலில் நிற்பா. "நேரமாச்சுது பிள்ளை, இருட்ட முன்னம் வீட்டை போவம்."

"இதுதானே அம்மம்மா வீடு" என்றால் கோபம் வரும். கேற்றைப் பூட்டினால் கேற்றை உலுப்புவா. ஒருநாள் சொந்த மகளைப் பார்த்து "நீ ஆர்?" என்று கேட்டுக் கை ஓங்கினா. எட்டு, ஒன்பது மணிபோல களைச்சு அடங்கிவிடுவா. அடுத்த நாள் காலமை ஒன்றும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி கேட்பா.

வீட்டில் எல்லாம் செய்து பார்த்தார்கள். கெஞ்சினார்கள், ஏசினார்கள், நூல் கட்டினார்கள். "மைமல் நேரத்தில ஏதோ பிடிச்சிருக்கு" என்று அயலில் சொன்னதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் நேரம் அவ்வளவு சரியாக இருந்தது. நாள் தவறாமல், பொழுது படுகிற அதே நேரம்.

ஏன் அந்த நேரம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது நாங்கள் வந்து சேர்ந்த இடம் பேயுமில்லை, பிடிவாதமுமில்லை. வெளிச்சம். கொஞ்சம் மூளையின் வரலாறு, கொஞ்சம் எங்கட வீடுகளின் வரலாறு.

அறளையும் அந்தரமும்

யாழ்ப்பாணத்தில் இந்த நிலைக்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: அறளை பெயர்தல். "கிழவிக்கு அறளை பேர்ந்திட்டுது" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அது நோய் இல்லை, வயது. அதுக்கு வைத்தியமும் இல்லை, விளக்கமும் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லின் தொனி. ஆள் மறந்துபோய் ஏதாவது சொன்னால் "உனக்கென்ன அறளையே?" என்று பகிடியும் பண்ணுவோம்.

வைத்தியர்கள் இதை டிமென்சியா, முதுமை மறதி நோய் என்கிறார்கள். இது ஒரு தனி நோய் அல்ல, பல நோய்களால் வரக்கூடிய நிலை. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். கொழும்புக்கு வடக்கே றாகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு இது இருந்தது. பிள்ளைகள் குறைந்து, இளம் ஆட்கள் வெளிநாடு போய், வயது போனவர்கள் கூடிக்கொண்டே போகும் யாழ்ப்பாணத்தில் இது எந்த ஒழுங்கையிலும் இருக்கக்கூடிய கதை.

மறதியைவிட வீட்டாரைக் களைக்க வைப்பது மற்றது. நடந்து திரிதல், கத்துதல், சந்தேகம், அடிக்க வருதல். இதற்கு எங்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: அந்தரம். "மனுசி அந்தரப்படுது" என்கிறோமே, அதுதான். அதுவும் பொழுது சாயும் நேரம் கூடுகிற அந்தரம். ஆங்கிலத்தில் அதற்குச் சூரியன் மறைவதை வைத்தே பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இதில் அதைப் பின்னேர அந்தரம் என்றே சொல்லப் போகிறோம்.

ஓர் இருட்டறைப் பரிசோதனை

1901இல் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் அகுஸ்தே. வயது 51. அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவவிடம் கேள்விகள் கேட்டு, பதில்களை எழுதிவைத்தார். அவ இரவில் நித்திரை கொள்ளாமல் கத்தித் திரிந்ததும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அவ இறந்த பிறகு 1906இல் அல்சைமர் அவவின் மூளையில் கண்டதை வைத்தியர் கூட்டம் ஒன்றில் விளக்கினார். 1910இல் அந்த நோய்க்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. ஆக, இந்த நோயின் வரலாறு தொடங்கும்போதே இரவின் அந்தரமும் கூடவே இருந்திருக்கிறது.

ஆனால் "ஏன் இருட்டும்போது?" என்று நேராகக் கேட்டவர் வேறொருவர். ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த டொனால்ட் இவென் கமரோன். அந்தக் காலத்தில் பொதுவான விளக்கம், ஆட்கள் நாள் முழுக்கக் களைச்சுப்போய்த்தான் இரவில் குழம்புகிறார்கள் என்பது. கமரோன் அதைச் சோதிக்க, இரவில் குழம்பும் வழக்கமுள்ள முதியவர்களைப் பட்டப்பகலில் இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் குழப்பம் தொடங்கியது. களைப்பில்லை, இருட்டுத்தான் காரணம் என்று 1941இல் எழுதினார்.

அவருடைய விளக்கம் எளிமையானது. எங்களுக்கு லைற்றை நிற்பாட்டினாலும் மனசுக்குள் அறை இருக்கும். கதவு எங்க, மேசை எங்க, சுவிச் எங்க என்று தெரியும். இந்த நோயுள்ளவர்களால் அந்தப் படத்தை வைத்திருக்க ஏலாது. கண்ணால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அறை இருக்கும். வெளிச்சம் போனால் அறையும் போய்விடும். அதற்குப் பிறகு நிற்பது தெரியாத இடம்.

இந்தக் கமரோன் பிறகு கனடாவின் மொன்றியலில், அமெரிக்க உளவு நிறுவனத்தின் பணம் கலந்த பயங்கரமான பரிசோதனைகளுக்காகக் கெட்ட பெயர் எடுத்தவர். நோயாளிகளின் சம்மதம் என்ற ஒன்றையே மதிக்காதவர். அந்த இருட்டறைக்குள் போன முதியவர்களிடமும் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவருடைய கண்டுபிடிப்பைப் பாவிக்கிற நாங்கள் அதையும் சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கவேணும்.

கண் பார்ப்பதற்கு மட்டுமில்லை

இருட்டு ஒரு காரணம். இன்னொன்று உடம்புக்குள் ஓடும் மணிக்கூடு. மூளையின் அடியில், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சிறு கலக்கூட்டம் ஒன்று இருக்கிறது. எப்ப நித்திரை, எப்ப முழிப்பு, எப்ப உடற்சூடு ஏறவேணும் என்பதையெல்லாம் நாளுக்கேற்ப ஒழுங்குபடுத்துவது அதுதான் என்பது 1972இல் தெளிவானது. அந்த மணிக்கூட்டைத் தினமும் சரிபார்த்துவிடுவது பகல் வெளிச்சம். 2002இல் கண்ணின் விழித்திரையில் இதற்கென்றே சில கலங்கள் இருப்பது உறுதியானது. அவை உருவத்தைப் பார்ப்பதற்காக இல்லை; வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் முக்கிய வேலை. நீல நிறம் கலந்த வெளிச்சத்துக்கு அவை கூடுதலாகப் பதில் சொல்கின்றன.

இப்ப வயது போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். கண் வில்லை மஞ்சளாகி, நீல வெளிச்சத்தை மறித்துவிடுகிறது. கற்றறாக்ட் இருந்தால் இன்னும் மோசம். அல்சைமர் நோயில் அந்த மணிக்கூட்டுக் கலங்களும் குறைந்துபோகின்றன. ஆக, எங்களைவிட அவர்களுக்குக் கூட வெளிச்சம் தேவை. ஆனால் வீட்டில் எல்லாரிலும் குறைந்த வெளிச்சத்தில் இருப்பவரும் அவர்தான்.

திண்ணையிலிருந்து உள்ளறைக்கு

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ். ஓர் அறைக்குள் ஒற்றைக் குமிழ் தருவது 100ஐ ஒட்டி. விறாந்தை நிழலில் பகல் நேரம் இருந்தால் சில ஆயிரம். முற்றத்து வெயில் ஒரு லட்சம் வரை போகும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு எங்கட வீடுகளைப் பார்ப்போம்.

பழைய நாற்சார் வீட்டில் நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, முன்னால் திண்ணை. வயது போன மனிசர் பகல் முழுக்க அங்கேதான். வெத்திலை இடிக்கிறது, போறவாறவரை விசாரிக்கிறது, பனங்கிழங்கு காயப் போடுகிறது எல்லாம் திறந்த வெளிச்சத்தில். ஆனால் நாற்சார் வீடு எல்லாருடைய வீடும் இல்லை. ஆர் திண்ணையில் இருக்கலாம், ஆர் முற்றத்துக்கு வெளியே நிற்கவேணும் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. புகை மண்டிய குசினியும் கைம்பெண்ணின் மூலையும் அந்த வீடுகளுக்குள்தான் இருந்தன. அதைப் பொற்காலமாக்க நாங்கள் வரவில்லை. என்றாலும் நாற்சார் வீட்டிலும் சரி, மண் குடிசையிலும் சரி, பகல் வாழ்க்கை வெளியில் நடந்தது. இரவு உண்மையிலேயே இருட்டாக இருந்தது. பகலும் இரவும் கலக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சடங்கு இருந்தது: விளக்கு வைக்கிற நேரம். முழுக்க இருட்டும் முன்பே சாமி விளக்கு ஏற்றி, அரிக்கன் லாம்பின் சிமினி துடைத்துக் கொழுத்தி, பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே எடுப்பது. நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் விளக்குகளுக்குப் பிறகு மண்ணெண்ணெய் வந்தது, கலியாண வீட்டுக்குப் பெற்றோல்மாக்ஸ் வந்தது. பிறகு சுன்னாகத்திலிருந்து கறண்ட் வந்தது. கம்பி போகாத ஊர்களில் குப்பி விளக்கே தொடர்ந்தது.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டின் கறண்ட் நின்றது. நாங்கள் பிறக்க முன்னம் நடந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் இதைச் சொல்லாத ஆளில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. அப்ப வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாய்க்குள்ளால் ஒரு திரி. போத்தல் காற்றை மறிக்கும், எண்ணெய் மிச்சம். சிக்கன விளக்கு என்றும் சொன்னார்கள். ஒரு தலைமுறை ஓ.எல்., ஏ.எல். சோதனைக்கு அதில் படித்தது. ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுத்தியது. எங்கட ஆக்களின் கெட்டித்தனத்துக்கு அடையாளமாக இதைப் பெருமையாகச் சொல்வோம்.

அந்தப் பெருமைக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது. அந்த விளக்கின் வெளிச்சம் ஒரு மெழுகுதிரி அளவு. சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல் ஆடும். ஹெலிச் சத்தமோ பொம்பர் சத்தமோ கேட்டால் அதையும் ஊதி அணைத்துவிட்டு பங்கருக்குள் ஓடவேணும். அப்ப 45, 50 வயதிலிருந்த அம்மாக்கள்தான் இன்றைக்கு 80 தாண்டிய அம்மம்மாக்கள். இந்த நோயில் புதிய ஞாபகம் முதலில் போகும், பழையது கனகாலம் நிற்கும். இருட்டு என்றால் ஓடவேணும் என்று உடம்பு படித்த பாடம் அந்தப் பழைய பகுதியில் இருந்தால் அதிசயமில்லை. போர் தனி ஆளை மட்டுமில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்தார். அந்தக் காயம் வயதாகி, மறதிக்குள்ளும் வரும் என்பதை நாங்கள் இப்பதான் வீட்டுக்குள் பார்க்கிறோம்.

1996க்குப் பிறகு கறண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. போர் முடிந்து சில ஆண்டுகளில் லக்சபான மின்சாரம் வந்தது. வெளிநாட்டுக் காசில் புது வீடுகள் எழும்பின. கொங்கிறீற் மேல்மாடி, கறுப்புக் கண்ணாடி யன்னல், தடித்த திரைச்சேலை, உயர்ந்த மதில், பூட்டின கேற். களவுக்குப் பயம், தூசிக்குப் பயம். திண்ணை போய்விட்டது; விறாந்தையைக் கிறில் அடித்து மோட்டச்சைக்கிள் நிற்பாட்டுகிறோம். அம்மம்மாவுக்குக் குளியலறையோடு சேர்ந்த உள்ளறை. பாசத்தில் கொடுத்த அறைதான். பகல் 12 மணிக்கும் அங்கே லைற் போட்டால்தான் முகம் தெரியும். இரவிலோ பத்துப் பதினொரு மணி மட்டும் வெள்ளை எல்.ஈ.டி., தொலைக்காட்சி, எல்லாருடைய போன்களும்.

நாங்கள் சொல்லவருவது இதுதான். எங்கட வீடுகளில் பகலும் இரவும் இடம் மாறிவிட்டன. பகலை இருட்டாக்கி இரவை வெளிச்சமாக்கி வைத்திருக்கிறோம். எங்களுக்கு அது நித்திரை பிந்துவதோடு முடிந்துவிடும். மணிக்கூடு பழுதான ஒரு ஆளுக்கு அது நாளையே குழப்பிவிடும். அதுக்கு மேலே மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் கறண்ட் நின்றபோது நாங்கள் போனுக்குச் சார்ஜ் இல்லை என்று புறுபுறுத்தோம். கமரோனின் இருட்டறை எத்தனை வீடுகளில் திரும்ப நடந்திருக்கும் என்று அப்ப நினைக்கவில்லை.

வெளிச்சம் மருந்தா?

அப்ப லைற்றைக் கூட்டினால் சரிதானே? இங்கே அவசரப்படக் கூடாது.

1992இல் அமெரிக்காவில் அல்சைமர் நோயுள்ள 10 பேரைப் பின்னேரத்தில் தினமும் 2 மணி நேரம் பிரகாசமான விளக்கின் முன் இருத்திப் பார்த்தார்கள். 8 பேருக்கு நித்திரை ஒழுங்கு கொஞ்சம் திருந்தியது. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு பெரியது: 12 முதியோர் இல்லங்கள், 189 பேர், சிலரை மூன்றரை ஆண்டு வரை கவனித்தார்கள். சில இல்லங்களின் பொது அறைகளில் பகல் முழுக்க ஏறக்குறைய 1000 லக்ஸ், மற்றவற்றில் 300. கூடிய வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு 19 வீதம் குறைவு. நினைவாற்றல் தேய்வதும் சிறிதளவு மெதுவானது. வெளிச்சத்தோடு மெலற்றோனின் மருந்தும் சேர்ந்தபோது மூர்க்கம் 9 வீதம் குறைந்தது. மெலற்றோனினைத் தனியாகக் கொடுத்தபோது மனநிலை கெட்டது.

ஆனால் 2010இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, அறை வெளிச்சத்தைக் கூட்டியதால் அந்தரம் குறையவில்லை, சிலவேளை கூடவும் செய்தது என்றது. 2014இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், உறுதியாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றார்கள்.

ஆக, வெளிச்சம் மாயமில்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். நெதர்லாந்தில் கூரைக்குள் விளக்குப் பூட்டிச் செலவழித்து உண்டாக்கிய அந்த 1000 லக்ஸ், யாழ்ப்பாணத்தில் எந்த விறாந்தையிலும் காலமை சும்மா கிடைக்கிறது. நித்திரைக் குளிசையைப் போலத் தலைசுற்றி விழப்பண்ணும் பயமும் இல்லை. ஒரு கதிரையைத் தூக்கி வெளியே போடுவதுதான் செலவு.

எந்த வீடு?

அம்மம்மாவின் கதைக்கு வருவோம். அவவின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் இடம்பெயர்ந்தது. அந்தக் காணி பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. விடுபட்டபோது வீடு இல்லை, கிணறு மட்டும் மிச்சம். "வீட்டை போவம்" என்று அவ கேட்பது அந்த வீட்டைத்தான் என்று எங்களுக்கு விளங்கக் கனநாள் எடுத்தது. மைமலில் சுவர்களின் அடையாளம் கரையும்போது, மனசுக்குள் மிச்சமாக இருக்கிற ஒரே வீடு அதுவாக இருக்கலாம்.

இது அவ ஒருவவின் கதை இல்லை. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களின் முதியவர்களுக்கும், 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் ஊரைவிட்டு நடந்தவர்களுக்கும், ரொறன்ரோவில் பிள்ளைகள் கூப்பிட்டுப் போய் அடுக்குமாடிக்குள் இருப்பவர்களுக்கும் "வீடு" என்பது வேறு எங்கோ இருக்கிறது. மார்கழியில் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். பின்னேர அந்தரம் அங்கே நாலு மணிக்கே தொடங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

"இதுதான் உங்கட வீடு" என்று வாதாடுவதில் பிரயோசனமில்லை. அவர்களுக்கு அது பொய். "ஓம், போவம். அங்க கிணத்தடியில என்ன மரம் நிண்டது?" என்று கேட்டால் கதை தொடங்கும். கதை தொடங்கினால் கை கேற்றை விடும்.

எங்களால் ஏலுமானது

முதலில், அந்தரம் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் கூடினால் வைத்தியரிடம் போங்கள். சலக்கிருமி, நோவு, மலச்சிக்கல், புது மருந்து எதுவாகவும் இருக்கலாம். அவர்களால் சொல்ல ஏலாது. கற்றறாக்ட் இருக்கா என்று கண்ணைக் காட்டுங்கள்.

பிறகு வெளிச்சம். காலமை ஒன்றிரண்டு மணி நேரம் விறாந்தையில், நிழலில். பகலில் திரைச்சேலையைத் திறவுங்கள். இருட்டும் வரை பார்த்திருக்காமல் ஐந்து மணிக்கே லைற்றுகளைப் போடுங்கள். ஒற்றைக் குமிழின் கீழ் பெரிய நிழல் விழாமல் இரண்டு மூலையில் இரண்டு லைற். யன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து ஆரோ நிற்கிறார் என்று பயந்தால் திரையை அப்ப மூடுங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெள்ளை வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சள் லைற்றுக்கு மாறுங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன லைற், விழாமல் இருக்க. மின்வெட்டுக்குச் சார்ஜ் லைற் ஒன்று, எங்கட போனுக்கில்லை, அவவின் அறைக்கு.

அம்மம்மாவின் கதிரை இப்ப முன் விறாந்தையில். மோட்டச்சைக்கிள் மதிலோரம் போய்விட்டது. ஐந்து மணிக்கு அவவின் கையாலேயே சாமி விளக்கு ஏற்றப் பண்ணுகிறார்கள், பக்கத்தில் ஆள் நிற்க. அந்தரம் முழுக்கப் போகவில்லை. சில நாள் இன்னும் கேற்றடிக்குப் போவா. சில நாள் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவா. அந்தச் சில நாட்களில் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள். அது முந்தி இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், நாளைக்குப் பகல் 12 மணிக்கு அவருடைய அறைக்குள் போய் லைற் போடாமல் பத்து நிமிஷம் இருந்து பாருங்கள். எவ்வளவு இருட்டு என்று அப்ப விளங்கும்.